உணவு வங்கிக்கு உதவப் போகிறீர்களா? கையில் ஒரு மார்க்கர் இருக்கட்டும்

லண்டன் பக்கம், கஷ்டப்படுபவர்களுக்கு இலவசமாக உணவுப் பொருட்கள் கொடுக்கும் உணவு வங்கியில் தொண்டு செய்யப் போனால், முதல் நாள் பெரும்பாலும் கிடைக்கும் வேலை, வந்த பொருட்களைத் தேதி பார்த்துப் பிரிப்பதுதான். புதியவர்கள் தடுமாறுவதும் இதில்தான். டின்னிலும் பாஸ்தாவிலும் இருக்கும் ‘பெஸ்ட் பிஃபோர்’ தேதி, தரத்தைப் பற்றியது. அந்தத் தேதி தாண்டினால் கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. வைத்துக்கொள்ளலாமா என்று பொறுப்பாளரைக் கேட்டுவிடுங்கள். ‘யூஸ் பை’ தேதி அப்படியில்லை, அது பாதுகாப்பைப் பற்றியது. ஒரு நாள் தாண்டியிருந்தாலும் யாருக்கும் கொடுக்கக் கூடாது.

தடித்த மார்க்கரால் மாதத்தையும் வருடத்தையும் டின் தலையில் பெரிதாக எழுதுங்கள், 3/27 என்று. சீக்கிரம் முடிவது முன்வரிசைக்கு. விளிம்பில் நசுங்கியதும் உப்பியதும் நேரே குப்பைக்கு.

அப்புறம், பை கட்டும்போது மூடியில் இழுக்கும் வளையம் உள்ள டின்னாகப் பாருங்கள். டின் ஓப்பனர் இல்லாத வீடுகளும் உண்டு. நம்மவர்கள் பாசத்தோடு 10 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போவோம். அதைப் பிரித்துப் பொட்டலம் கட்ட அங்கே ஆளுக்கு எங்கே போவது? 1 கிலோ பாக்கெட்டுகளாகவே வாங்கிக் கொடுங்கள்.