கொன்ஃபிக் பைலைத் திறக்காமல் திருத்துவது

புது சேர்வர் ஒன்றில் காலை 5 மணிக்குப் போட்ட பில் முதல் நாள் தேதியில் விழுந்திருந்தது. பில் போடும் மென்பொருளை ஓட்டும் பிஎச்பி, யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடினால் அப்படித்தான், நமக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னால் நிற்கும். நான் வெள்ளவத்தையில் வீட்டில், தம்பி பம்பலப்பிட்டி ஒபிசில். பைலைத் திறக்காமல், வரிகளைத் தேடி மாற்றும் 'செட்' என்ற கட்டளையால் இதைத் திருத்த ஃபோனில் அவனுக்குச் சொன்னதைத்தான் எழுதுகிறேன். கட்டளைகளும் வாயால் சொன்னபடியே இருக்கின்றன. நீங்கள் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

முதலில், சொல்லைத் தேடித் தரும் கிரெப் கட்டளையைப் போட்டு, பிஎச்பியின் அமைப்புகள் உள்ள பிஎச்பி.இனி பைலில் 'டேட்.டைம்ஸோன்' எங்கே இருக்கிறது என்று பாருங்கள். புது பைலில் இரண்டு வரி வரும். ஒன்று பிஎச்பி தளத்தின் முகவரி எழுதிய குறிப்பு. மற்றது முன்னால் ; போட்டு முடக்கி வைத்த வரி. நமக்கு வேண்டியது இரண்டாவது. டெபியனிலும் உபுண்டுவிலும் கொமாண்ட் லைனுக்கு ஒரு பைல், இணையப் பக்கங்களுக்காக பிஎச்பியை ஓட்டும் எஃப்பிஎம்முக்கு வேறு பைல். தம்பி முதல் தடவை தவறான பைலைத்தான் திறந்து வைத்திருந்தான்.

இனி செட். வழக்கமாக, மாற்றச் சொல்லும் எஸ் எழுத்துக்குப் பிறகு / போட்டுத்தான் பிரிப்போம். ஆனால் நாம் போடப்போகும் 'ஏசியா/கொழும்பு' என்ற நேர வலயப் பெயருக்குள்ளேயே ஒரு / இருக்கிறது, செட் குழம்பிவிடும். அதனால் # போடுங்கள்: எஸ், #, தேடுவது, #, புது வரி, #. தேடும் பகுதி ^; என்று தொடங்கட்டும், அப்போதுதான் வரியின் ஆரம்பத்தில் இருப்பது மட்டும் சிக்கும். நடுப்புள்ளிக்கு முன்னால் \ வையுங்கள், கடைசியில் .* போட்டு மிச்ச வரியையும் விழுங்க விடுங்கள். (+5:30 என்று எண்ணைப் போடாமல் ஊர்ப் பெயரைப் போடுவதற்குக் காரணம் உண்டு. 2006 ஏப்ரல் வரை நம் நேரம் +6:00. ஊர்ப் பெயர் அந்தப் பழைய கணக்கையும் தெரிந்து வைத்திருக்கும்.)

புள்ளியை லேசாக நினைக்காதீர்கள். \ இல்லாத புள்ளி எந்த எழுத்துக்கும் பொருந்தும். நான் ஒரு முறை 10.0.0.5 ஐ 10.0.0.8 ஆக்கப் போய், 10.0.0.51 இல் இருந்த பிரின்டரை 10.0.0.81 க்கு அனுப்பிவிட்டேன். அது புள்ளியின் குற்றம்கூட இல்லை, முகவரி எங்கே முடிகிறது என்று நான் சொல்லவில்லை. லினக்ஸ் செட்டில் கடைசியில் \ உடன் சின்ன பீ போட்டால் சொல் அங்கே முடிந்தாக வேண்டும்.

பைலையே மாற்றச் சொல்லும் மைனஸ் ஐ போடுமுன் அதே கட்டளையை வெறுமனே ஓட்டி, பைப் (|) வழியாக, வித்தியாசத்தைக் காட்டும் டிஃப்பிடம் கொடுங்கள்: பைலின் பெயர், அப்புறம் தனியாக ஒரு மைனஸ். ஒரு வரிதான் மாற வேண்டும். ஒன்றுமே பொருந்தாவிட்டாலும் செட் வாய் திறக்காது, வேலை முடிந்த மாதிரியே இருக்கும்.

சரியென்றால் சூடோவுடன் (நிர்வாகி உரிமையுடன்), மைனஸ் ஐ போட்டு ஒட்டியே டொட் பீ ஏ கே. பழைய பிரதி பக்கத்திலேயே நிற்கும், மக்கிலும் இதே வடிவம் ஓடும். ஐ-யுடன் ஒட்டி வரும் எழுத்தெல்லாம் பிரதியின் வால்தான். 'மைனஸ் ஐ ஈ' என்று சேர்த்தடித்தால் பெயரின் கடைசியில் ஒரு ஈ ஒட்டிய பிரதிதான் மிஞ்சும். > போட்டு அதே பைலுக்கே திருப்பி எழுதாதீர்கள். செட் வாசிக்கும் முன்பே, நாம் அடிக்கும் கட்டளைகளை ஓட்டும் ஷெல் அதை வெறுமையாக்கிவிடும். பிறகு எஃப்பிஎம்மை மறுபடி தொடங்குங்கள்.

'இருந்த இடத்திலேயே' திருத்துவது என்கிறார்கள், உண்மையில் செட் புதிதாக ஒரு பைல் எழுதி, பழையதன் பெயரை அதற்குச் சூட்டுகிறது. இதனால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சேர்வரில் ஒரு கண்ணி இருக்கிறது. 'சைட்ஸ்-எனேபிள்ட்' கோப்புறையில் இருப்பவை பெரும்பாலும் வேறிடத்து பைலைக் காட்டும் இணைப்புகள். அங்கே மைனஸ் ஐ போட்டால் இணைப்புப் போய்த் தனி பைல் வந்து உட்காரும். அப்புறம் அசல் பைல் இருக்கும் 'சைட்ஸ்-அவைலபிள்' பக்கம் நீங்கள் என்ன திருத்தினாலும் சேர்வருக்குத் தெரியாது. போதாததற்கு, உபுண்டுவில் அந்தக் கோப்புறையில் கிடக்கும் எல்லாவற்றையும் என்ஜின்எக்ஸ் வாசிக்கும், உங்கள் பீ ஏ கே பிரதி உட்பட. அதனால் அசல் பைலைத் திருத்துங்கள், பைலைச் சோதிக்கும் 'என்ஜின்எக்ஸ் மைனஸ் டீ' ஓகே சொன்ன பிறகே ரீலோட் செய்யுங்கள்.