ஃபர்ம்வேர் (போர்டுக்குள் ஓடும் நிரல்) மாற்றிய பிறகு சென்சார் போர்டு பிங்குக்கு (இணைப்பைச் சோதிக்கும் கட்டளை) பதில் சொல்லவில்லையா?

என் ரோபோவில் இருப்பது ராஸ்பெர்ரி பை 4, உபுண்டு, ரோபோ மென்பொருள் தொகுப்பான ஆர்ஓஎஸ் 2. தூரம் அளக்கும் சென்சார்களும் ஐஎம்யூவும் (அசைவை அளக்கும் சென்சார்) தனி போர்டில் இருக்கின்றன: ஒரு ஈஎஸ்பி32 மைக்ரோகன்ட்ரோலர், பக்கத்தில் டபிள்யூ5500 ஈதர்நெட் சிப். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு கேபிள். ராஸ்பெர்ரியில் ஓடும் டிஎன்எஸ்மாஸ்க் என்ற நிரல்தான் போர்டுக்கு ஐபி முகவரி கொடுக்கிறது. 192.168.10.20 (இனி சுருக்கமாக .20) என்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

போன வாரம் போர்டில் புது ஃபர்ம்வேர் ஏற்றினேன். லிங்க் விளக்கு எரிகிறது, ஆனால் பிங் போகவில்லை. கேபிளை இரண்டு முறை மாற்றிப் பார்த்தேன். கோளாறு கேபிளில் இல்லை, மேக் முகவரியில் (நெட்வொர்க்கில் ஒரு சாதனத்தை அடையாளம் காட்டும் எண்) இருந்தது.

டபிள்யூ5500 சிப்புக்குச் சொந்தமாக மேக் முகவரி கிடையாது. ஒவ்வொரு முறை இயங்கத் தொடங்கும்போதும் ஃபர்ம்வேர்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். பழைய ஃபர்ம்வேரில் மாதிரி நிரலிலிருந்து எடுத்த முகவரி அப்படியே இருந்தது. இரண்டு போர்டுகள் ஒரே சுவிட்சில் இருந்தால் மோதிக்கொள்ளும். அதனால் புது ஃபர்ம்வேர், ஈஎஸ்பி32-க்குள் தொழிற்சாலையிலேயே பதித்த எண்ணிலிருந்து முகவரியை எடுத்துக்கொள்கிறது. நல்ல மாற்றம்தான். ஆனால் .20-ஐ நான் பழைய மேக்குக்குத்தான் ஒதுக்கியிருந்தேன்; டிஎன்எஸ்மாஸ்க்குக்கு இது முன்பின் தெரியாத ஆள், அதனால் வேறு முகவரி கொடுத்துவிட்டது.

படி 1: புது மேக் முகவரியைக் கண்டுபிடியுங்கள். டிஎன்எஸ்மாஸ்க்கின் லீஸ் கோப்பை, அதாவது எந்த முகவரியை யாருக்கு எதுவரை கொடுத்திருக்கிறது என்ற பட்டியலைத் திறந்தால் (வார், லிப், மிஸ்க் என்று உள்ளே போக வேண்டும்) ஒவ்வொரு வரியிலும் முதலில் காலாவதி நேரம், அடுத்து மேக், அப்புறம் ஐபி இருக்கும். புதிதாக முளைத்த வரிதான் உங்கள் போர்டு. என்னுடையது .57-இல் உட்கார்ந்திருந்தது.

படி 2: டிஎன்எஸ்மாஸ்க் அமைப்புக் கோப்பில், .20-ஐ ஒதுக்கும் வரியில் பழைய மேக்கை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள்.

படி 3: இங்கேதான் எனக்கு ஒரு மாலை முழுக்கப் போனது. மேக்கை மாற்றி, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்த பிறகும் போர்டு .57-ஐ விடவில்லை. லாகைப் பார்த்தால், ஒதுக்கிய முகவரி வேறொரு மேக்கிடம் லீஸில் இருப்பதால் தர முடியாது என்கிறது. அந்த வேறொரு மேக் இதே போர்டின் பழைய முகவரி! லீஸ் காலத்தை நான் 24 மணி நேரம் என்று வைத்திருந்ததால், இல்லாத ஆளுக்காக .20 காத்துக் கிடந்தது.

பழைய வரியை அழிக்க வேண்டும். ஆனால் வரிசை முக்கியம்: முதலில் டிஎன்எஸ்மாஸ்க்கை நிறுத்துங்கள், பிறகு வரியை அழியுங்கள், அப்புறம் தொடங்குங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே அழித்தால், நினைவில் இருப்பதை வைத்துக் கோப்பை மறுபடி எழுதிவிடும். கடைசியாக போர்டின் மின்சாரத்தைத் துண்டித்துக் கொடுங்கள். .20 வந்துவிடும், ஆர்ஓஎஸ் பக்கம் எதையும் தொட வேண்டாம்.

ஃபர்ம்வேருக்குள்ளேயே ஐபியை எழுதிவிடலாமே என்று தோன்றும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். முகவரி மாறும் ஒவ்வொரு முறையும் போர்டைக் கழற்றி யுஎஸ்பியில் செருக வேண்டியிருக்கும். எல்லா முகவரிகளும் ஒரே கோப்பில் இருப்பதே நிம்மதி. ராஸ்பெர்ரியின் சொந்த முகவரியை மாற்றுவதானால், உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்புக் கருவியான நெட்பிளானின் 'டிரை' கட்டளையைப் பயன்படுத்துங்கள். 120 விநாடிக்குள் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். எஸ்எஸ்ஹெச் வழியாக, அதாவது நெட்வொர்க் மூலம் வேறொரு கணினியிலிருந்து வேலை செய்பவர்களுக்கு இது பெரிய பாதுகாப்பு.

பின்சேர்க்கை: ஃபர்ம்வேர் ஏற்றும்போது, அதற்கான கருவியான எஸ்பிடூல் திரையில் காட்டும் மேக்கை எடுத்துப் போட்டதாகவும், அது வேலை செய்யவில்லை என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அது அடிப்படை முகவரி, வைஃபை பயன்படுத்துவது. ஈஎஸ்பி32-இல் ஈதர்நெட்டுக்கு வழக்கமாக அதன் கடைசி எண்ணோடு 3 கூட்ட வேண்டும். பதினாறடிமானக் கணக்கு என்பதால் 9-உடன் 3 கூட்டினால் 12 அல்ல, 'சி'. சந்தேகம் இருந்தால் லீஸ் கோப்பில் இருப்பதையே நம்புங்கள்.