டியூலிப் பார்க்கக் கிளம்பும் முன்: நெதர்லாந்துக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு

நெதர்லாந்தில் வீட்டுச் சாவிகூட இன்னும் கைக்கு வந்திருக்காது, அதற்குள் ஊரிலிருந்து வீடியோ காலில் கேட்டுவிடுவார்கள்: "டியூலிப் தோட்டத்துக்குப் போனியா?" ஏப்ரல் வரட்டும் என்போம். பிறகு அப்பா அம்மாவுக்கு விசா எடுத்து, டிக்கெட் போட்டு, அவர்கள் வந்து தூக்கம் தெளிந்து, ஆபீஸில் லீவு சொல்லி, ஒரு நல்ல நாளாகப் பார்த்துக் கிளம்புவோம். என் முதல் வருடத்தில் நான் அப்படித்தான் கிளம்பினேன், மே இரண்டாம் வாரத்தில். வயல் இருந்தது, பூ இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் மொட்டைக் காம்புகள், ஓரத்தில் வாடிய இதழ்க் குவியல். "பூவெல்லாம் எங்கடா?" என்று அம்மா கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

பிற்பாடுதான் புரிந்தது. அந்த வயல்களில் விளைவிப்பது பூவை அல்ல, மண்ணுக்கடியில் இருக்கும் குமிழ்க் கிழங்கை. இலையுதிர் காலத்தில் நட்டு, ஜூன், ஜூலையில் தோண்டி எடுத்து உலகமெங்கும் அனுப்புகிறார்கள். பூ விரிந்ததும் நிறம் சரியா, நோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு இயந்திரத்தை ஓட்டித் தலையைக் கொய்துவிடுவார்கள். விட்டுவைத்தால் சத்தெல்லாம் விதைக்குப் போய் கிழங்கு இளைத்துவிடும். இந்த வேலைக்கு டச்சில் 'கொப்பன்' என்று பெயர். நம் காதில் அது வேறு மாதிரி விழும், அவர்கள் யார் அப்பனையும் இழுக்கவில்லை. ஆக, ஒரு வயல் முழு நிறத்தோடு நிற்பது அதிகம் போனால் இரண்டு மூன்று வாரம். அதற்குள் போய்விட வேண்டும்.

லிசே ஊரில் இருக்கும் கியூகென்ஹாஃப் தோட்டம் இந்தக் கணக்கில் சேராது. அது பார்வைக்காகவே நடும் தோட்டம். 1949இல் கிழங்கு வியாபாரிகளும் விவசாயிகளும் தங்கள் சரக்கைக் காட்டுவதற்காகத் திட்டமிட்டு, 1950இல் மக்களுக்குத் திறந்தார்கள். 32 ஹெக்டேர், வருடா வருடம் ஏறக்குறைய 70 லட்சம் கிழங்குகளைக் கையால் நடுகிறார்கள். தாமதமாகப் பூப்பதை ஆழத்திலும் முந்திப் பூப்பதை மேலேயும் அடுக்கி நடுவதால், ஒன்று வாடும்போது அடுத்தது எழுந்து வரும். அப்படியும் தோட்டம் திறந்திருப்பது வருடத்தில் எட்டு வாரம்தான். 2025இல் மார்ச் 20 முதல் மே 11 வரை திறந்திருந்தது. மற்ற வருடங்களிலும் ஏறத்தாழ இதே கணக்குத்தான். மார்ச் கடைசியில் போனால் குரோக்கஸும் டாஃபடிலும் கிடைக்கும். ஏப்ரல் முதல் பாதியில் ஹயசிந்த்; அதன் வாசனை ஒரு வயல் தள்ளியே தலையைச் சுற்ற வைக்கும். டியூலிப் வேண்டுமென்றால் ஏப்ரல் நடுவிலிருந்து மே முதல் சில நாட்கள் வரை. குளிர் நீண்டால் எல்லாம் ஒரு வாரம் பின்னே தள்ளும், வெயில் முந்தினால் முன்னே வரும்.

ஷெங்கன் விசாவில் பெற்றோர் இங்கே தங்க முடிவது 180 நாளில் 90 நாள்தான். டிக்கெட் போடும்போதே ஏப்ரல் நடுப்பகுதி அதற்குள் வருகிறதா என்று பாருங்கள். பலரும் கோடை விடுமுறையைக் குறி வைத்து ஜூனில் அழைத்து வந்துவிட்டு, 'டியூலிப் எங்கே பார்க்கலாம்?' என்று கேட்கிறார்கள். அப்போது பூக்கடையில் பார்க்கலாம்.

தனி வண்டி யாருக்கு வேண்டும்

கைகால் திடமாக இருக்கும் இரண்டு பேர் என்றால் தனி வண்டிக்குச் செலவழிக்காதீர்கள். சீசனில் ஸ்கிப்போல் விமான நிலையத்திலிருந்தும் லைடன் ரயில் நிலையத்திலிருந்தும் தோட்ட வாசலுக்கே நேரடிப் பேருந்து ஓடுகிறது. பேருந்தும் நுழைவும் சேர்ந்த சீட்டும் கிடைக்கும். போதாததற்கு ஹார்லெம் லைடன் ரயில் பாதை வயல்களை ஒட்டியே போகிறது. ஹில்லெகோம், ஃபோர்ஹவுட் பக்கம் ஜன்னலில் சாய்ந்தால் வண்ணப் பாய் விரித்தது போல ஓடும், காசில்லாமல்.

வயதானவர்கள், கைக்குழந்தை, ஐந்தாறு பேர், ஐந்தோவனிலிருந்தோ வெல்ட்ஹோவனிலிருந்தோ ஒன்றரை மணி நேரப் பயணம் என்றால் கதை வேறு. அங்கே தனி வண்டியின் லாபம் சொகுசு மட்டும் இல்லை. தோட்டத்தை விட்டு வெளியே வந்தபின், வயல் எங்கே நன்றாக இருக்கிறதோ அங்கே நிறுத்தலாம். தோட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு வயலைப் பார்க்காமல் திரும்புவது கோபுரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போகாமல் வருவது மாதிரி.

யார் ஓட்டுவது என்பதில்தான் புதிதாக வந்தவர்கள் சிக்குகிறார்கள். இந்திய லைசென்ஸை வைத்து இங்கே குடியேறிப் பதிவான நாளிலிருந்து 185 நாள் ஓட்டலாம், அதற்கு மேல் கூடாது. வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்குத் தரும் 30 சதவீத வரிச்சலுகை உங்களுக்கு இருந்தால் நகராட்சி மூலம் அதை டச்சு லைசென்ஸாக மாற்றிக்கொள்ளலாம், வீட்டுக்காரருக்கோ மனைவிக்கோ சேர்த்தும். தேர்வு எழுத வேண்டியதில்லை. இதை வந்த மாதமே செய்துவிடுங்கள்; நாள் தள்ளிப்போட்டு மறந்தவர்கள் எனக்குத் தெரிந்தே நான்கு பேர். அந்த லைசென்ஸில் ஓட்டுநர் போக எட்டுப் பேர் உட்காரும் வேன் வரை வாடகைக்கு எடுக்கலாம். 1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள குழந்தைக்குத் தனி இருக்கை வேண்டும், மடியில் வைத்துக்கொள்வதெல்லாம் இங்கே நடக்காது. ஓட்டும்போது கையில் போன் இருந்தால் அபராதம் 400 யூரோவுக்கு மேல். வழி காட்டுகிறேன் என்று பக்கத்து சீட்டு மாமா போனை உங்கள் கையில் திணித்தால் வாங்காதீர்கள்.

வாட்ஸ்அப் குழுக்களில் ஏப்ரல் வந்தால் "நம்ம ஆள்தான், வேன் இருக்கு, சீப்பா கூட்டிட்டுப் போவார்" என்று தகவல் சுற்றும். நானும் ஒருமுறை அப்படிப் போயிருக்கிறேன். மனிதர் நல்லவர், பேச்சுத் துணைக்குக் குறைவில்லை. வண்டியின் நம்பர் பிளேட் மஞ்சள். இங்கே முறையான டாக்சிக்கு நீல நிற நம்பர் பிளேட் இருக்கும், ஓட்டுநரிடம் தனி அட்டையும் இருக்கும். சொந்தக் காரில் கூலிக்கு ஆள் ஏற்றினால் சட்டப்படி தவறு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் பொதுவாகக் கைவிரித்துவிடும். நண்பர்கள் சேர்ந்து பெட்ரோல் காசைப் பங்கு போட்டுக்கொள்வதில் தவறில்லை. அது வேறு, இது வேறு.

முறையான வண்டியைப் பேசும்போது கட்டணம் ஆளுக்கா வண்டிக்கா, எத்தனை மணி நேரத்துக்கு, காத்திருப்புக்குத் தனியா, பார்க்கிங் யார் தலையில், நுழைவுச் சீட்டு சேர்ந்ததா என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். வயலோரத்தில் இரண்டு மூன்று இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதையும் முதலிலேயே சொல்லுங்கள், இல்லாவிட்டால் வாசலில் இறக்கிவிட்டு வாசலில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். ஒரே நாளில் கியூகென்ஹாஃப், சான்சே ஸ்கான்ஸ் காற்றாலைகள், வாய்க்கால்களுக்குப் பேர்போன கிராமம் ஹீத்தோர்ன் மூன்றையும் காட்டுகிறேன் என்பவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஹீத்தோர்ன் ஓவரைசல் மாகாணத்தில் இருக்கிறது, லிசேயிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். நாள் முழுக்க வேனில் தூங்கிவிட்டு மூன்று இடத்தில் போட்டோ எடுத்த கதையாகிவிடும்.

அந்த நாள்

நுழைவுச் சீட்டைத் தோட்டத்தின் சொந்த இணையதளத்திலேயே வாங்குங்கள். பெரியவருக்கு 20 யூரோவைச் சுற்றி வரும், 4 வயதுக்குக் கீழே இலவசம். சீட்டில் தேதியோடு உள்ளே நுழைய வேண்டிய நேரமும் இருக்கும். நுழைந்தபின் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம். சொந்த வண்டி, வாடகை வண்டி என்றால் பார்க்கிங் சீட்டும் வேண்டும். மியூசியங்களுக்குள் போக வருடத்துக்கு ஒருமுறை வாங்கும் மியூசியம் கார்டு இங்கே செல்லாது.

காலை எட்டு மணிக்குத் திறக்கிறார்கள். பத்தரைக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வரிசை கட்டும், நாலு மணி வாக்கில் கூட்டம் கரையும். எட்டு மணிக்கே போய்விடுவது ஒன்று, அல்லது பகலில் வயலைச் சுற்றிவிட்டு மாலை நான்கு மணிக்குத் தோட்டத்துக்குள் நுழைவது ஒன்று. ஏழரை வரை திறந்திருக்கும், ஏப்ரலில் அப்போதும் நல்ல வெளிச்சம் இருக்கும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். குழந்தை இருக்கும் வீட்டுக்கு முதலாவது. வார நாளில், அதுவும் திங்கள் முதல் புதனுக்குள் ஒரு நாள் லீவு எடுக்க முடிந்தால் எடுங்கள். ஈஸ்டர் விடுமுறையையும் ஏப்ரல் 27 அரசர் தினத்தை ஒட்டிய நாட்களையும் தவிருங்கள். ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை நோர்த்வைக்கிலிருந்து ஹார்லெம் வரை பூ ரத ஊர்வலம் போகும். பார்க்க வேண்டிய ஒன்று, ஆனால் அதற்கென்று தனியாக ஒரு நாள் வையுங்கள். தோட்டத்துக்குக் கிளம்பிய அன்று அது குறுக்கே வந்தால் சாலையிலேயே பொழுது போய்விடும்.

உள்ளே பாதைகள் சமதளம். சக்கர நாற்காலியை முன்பதிவு செய்து இரவல் வாங்கலாம். 'நான் நடப்பேன்' என்று அப்பா சொன்னாலும் பதிவு செய்து வையுங்கள். 1892இல் கட்டிய காற்றாலை ஒன்று அங்கே இருக்கிறது, க்ரோனிங்கனிலிருந்து 1957இல் கொண்டுவந்து நிறுத்தியது. அதன் மேல்தட்டில் ஏறினால் பக்கத்து வயல்கள் முழுக்கத் தெரியும். அடியிலிருந்து சத்தமில்லாத படகு கிளம்பி வயல்களுக்கு நடுவே முக்கால் மணி நேரம் போகும், அதற்குத் தனிச் சீட்டு. முட்டி வலிக்காரர்களுக்கு வயலைக் காட்ட இதைவிட நல்ல வழி இல்லை.

புளியோதரை கட்டிக்கொண்டு போகலாம். ஆனால் காற்று வாட்டும். ஏப்ரலில் ஒரே மணி நேரத்தில் வெயில், மழை, ஆலங்கட்டி மூன்றும் வரும். ஏப்ரல் தன் இஷ்டத்துக்கு நடக்கும் என்று டச்சுக்காரர்களே பழமொழி வைத்திருக்கிறார்கள். குடை இந்தக் காற்றில் தலைகீழாக மடங்கிவிடும், தொப்பி வைத்த மழைக்கோட்டுதான் சரி. பட்டுப்புடவையில் போட்டோ வேண்டுமென்றால் உள்ளே தெர்மல், முந்தானைக்கு இரண்டு பின். வந்த முதல் வசந்தத்திலேயே சிலருக்குப் பிர்ச் மர மகரந்தத்தால் கண் அரிக்கும், தும்மல் நிற்காது. பழியை டியூலிப் மேல் போடாதீர்கள், மருந்துக்கடையில் ஒவ்வாமை மாத்திரை கிடைக்கும்.

வயலுக்குள் காலை வைக்காதீர்கள்

இதை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். வேலி இருக்காது, காவலாளி இருக்க மாட்டார். அதற்காக அது பொது இடம் இல்லை. நம் ஊரில் நாற்று நட்ட வயலில் செருப்புக் காலோடு யாராவது செல்ஃபி எடுக்க இறங்கினால் என்ன சொல்வோம்? செருப்பின் அடியில் ஒட்டி வரும் மண்ணோடு நோயும் வரும். முறிந்த செடியின் கிழங்கு தேறாது. வாய்க்காலைத் தாண்டிக் குதிக்கவும் வேண்டாம், பார்ப்பதைவிட ஆழம். சாலையோரத்திலேயே கேமராவைத் தாழ்த்தி, பூவின் உயரத்துக்குக் குனிந்து எடுத்தால் வயலுக்கு நடுவில் நிற்பது போலவே வரும். பூவுக்கு நடுவேதான் நிற்க வேண்டும் என்று குழந்தை அடம்பிடித்தால், பணம் கொடுத்து நீங்களே பறித்துக்கொள்ளும் தோட்டங்கள் அதே பகுதியில் உண்டு. வண்டியைச் சாலையோரப் புல்லில் ஏற்றி நிறுத்தாமல், நிறுத்த அனுமதி உள்ள இடமாகப் பாருங்கள்.

நேரம் மிச்சமிருந்தால் லைடன் பல்கலைக்கழகத் தாவரவியல் பூங்காவுக்குப் போகலாம். கிளூசியஸ் என்ற தாவரவியலாளர் நட்ட டியூலிப் 1594இல் அங்கே பூத்தது. அதற்கும் முன்பே மத்திய ஆசியக் காட்டுப் பூவாக இருந்து துருக்கி சுல்தான்களின் தோட்டத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. கூட்டமே வேண்டாம் என்பவர்கள் லிம்மன் ஊரில் உள்ள ஹோர்டுஸ் புல்போரும் தோட்டத்துக்குப் போங்கள். பழைய ரகங்களைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள், 1595ஆம் ஆண்டு ரகம் உட்பட. ஃபிளேவோலாந்து மாகாணத்தின் வடகிழக்குப் போல்டரில் (நீரை வடித்து மீட்ட நிலம்) வயல்கள் இன்னும் பெரியவை, வண்டிகள் போக வழி குறித்த பாதையும் உண்டு. சொந்தக் கார் வந்தபின் இரண்டாம் வருடத்துக்கு அது நல்லது.

திரும்பும்போது சாலையோரத்தில் ஆளில்லாத பூக்கடைகள் வரும். கொத்தை எடுத்துக்கொண்டு காசைப் பெட்டியில் போட வேண்டியதுதான், சிலவற்றில் ஸ்கேன் செய்து கட்டலாம். சில இடங்களில் டாஃபடிலையும் ஹயசிந்தையும் நீளமாகக் கோத்து, காரின் முன்பக்கம் கட்டுவதற்கென்றே மாலை விற்பார்கள். ஆயுத பூஜையன்று அம்பாசிடருக்கு மாலை போட்ட அப்பாவுக்கு அதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. அவரே இறங்கிப் போய், பேரம் பேச ஆள் தேடி, ஏமாந்து, மாலையோடு வந்தார்.

கிழங்கு வாங்கி ஊருக்குக் கொண்டுபோகும் ஆசையை விட்டுவிடுங்கள். தாவர நலச் சான்றிதழும் இந்திய அரசின் இறக்குமதி அனுமதியும் வேண்டும். அவை கிடைத்தாலும் டியூலிப் கிழங்குக்குப் பூக்கும் முன் மூன்று நான்கு மாதக் குளிர் தேவை, சென்னையில் ஃபிரிட்ஜுக்குள் இட்லி மாவோடு அதை வைத்திருக்க வேண்டும். உங்கள் பால்கனியில் நட விருப்பமிருந்தால் அக்டோபரில் எந்தத் தோட்டக் கடையிலும் கிடைக்கும். தொட்டியில் இரண்டு கிழங்கு உயர ஆழத்தில், கூர்முனை மேலே பார்க்க நட்டுவிட்டு மறந்துவிடுங்கள்.