அணுமின் நிலையங்களில் குறை சொல்பவரைப் பகைவராக எண்ணும் தவறு

ஜப்பானிய வழிவந்த அமெரிக்கரான கெய் சுகவோகா, ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஆய்வாளராகப் புகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்திற்குச் சென்றவர். 1989இல் முதலாம் உலையின் நீராவி உலர்த்தியில் விரிசல்களைக் கண்ட அவர், அவை பதிவான பகுதியை ஆய்வுக் காணொளியிலிருந்து வெட்டச் சொன்னார்கள் என்று பின்னாளில் கூறினார். 2000இல் அவர் ஜப்பான் அரசுக்கு எழுதியபோது, அதிகாரிகள் அவரது பெயரை, அந்த நிலையத்தை நடத்திய டெப்கோ நிறுவனத்திடமே தெரிவித்துவிட்டார்கள்.

யார்மீது புகாரோ அவரிடமே புகார் கொடுத்தவரைக் காட்டிக்கொடுப்பதைவிடப் பெரிய தவறு இத்துறையில் இல்லை என்பேன். 2002 ஆகஸ்டில்தான் முறைகேடுகள் வெளிவந்தன. டெப்கோவின் தலைவர் பதவி விலகினார். 2003இல் அதன் 17 உலைகளும் ஆய்வுக்காக நிறுத்தப்பட்டிருந்தன. முறைகேட்டை வெளிப்படுத்துவோரைக் காக்கும் சட்டத்தை ஜப்பான் 2004இல்தான் இயற்றியது.

குறையைச் சொன்னவரையே பாதுகாப்புக்கு ஆபத்தானவராகப் பார்ப்பது அடுத்த தவறு. உள்ளிருந்து வரும் அச்சுறுத்தல் என்பது, நுழைய அனுமதி பெற்ற ஒருவர் அதைக் கெடுதலுக்குப் பயன்படுத்துவது. 2014இல் பெல்ஜியத்தின் டோயல் நிலையத்தில் நான்காம் உலையின் டர்பைனிலிருந்து மசகு எண்ணெயை யாரோ வேண்டுமென்றே வடியவிட்டார்கள். 2009இல் கர்நாடகத்தின் கைகாவில் ஊழியர்கள் குடிக்கும் குளிர்நீர்ப் பெட்டியில் ட்ரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருளை யாரோ கலந்திருந்தார்கள். இத்தகைய செயலை முதலில் கவனிக்கக்கூடியவர் பக்கத்தில் வேலை செய்பவர்தான். பேசினால் வேலை போகும் என்று அவர் ஒருமுறை கண்டுவிட்டால், விரிசலைப் பற்றியும் சொல்லமாட்டார், வால்வருகே நின்ற ஆளைப் பற்றியும் சொல்லமாட்டார்.

பல நாட்டவர் சேர்ந்து உழைக்கும் இடத்தில் இந்த அச்சம் இன்னும் ஆழமானது. விசாவும் சம்பளமும் ஒரே ஒப்பந்தக்காரரின் கையில் இருக்கும் தொழிலாளியிடம், எல்லார் முன்னிலையிலும் அவருக்குப் பழகாத மொழியில் "எல்லாம் சரிதானே?" என்று மேற்பார்வையாளர் கேட்டால், அவர் தலையாட்டத்தான் செய்வார், அந்தத் தலையாட்டலைச் சம்மதமாகப் பதிவு செய்வது தவறு. அவரவர் தாய்மொழியில், ஒப்பந்தக்காரரின் கண்ணில் படாமல் முறையிட வழி வேண்டும்.

நாட்டையும் மதத்தையும் வைத்து ஒருவரைச் சந்தேகிப்பதும் கூடாது. தன் பணிக்குத் தொடர்பில்லாத பகுதிக்குள் அடிக்கடி நுழைவது, இருவர் சேர்ந்தே செய்யவேண்டிய வேலையைத் தனியே செய்ய முயல்வது போன்ற நடத்தையைத்தான் கவனிக்க வேண்டும். அந்தக் கவனிப்பு மேலதிகாரிக்கும் அதே அளவில் பொருந்த வேண்டும்.