ஐட்லிங் ஆடுகிறதா? ஸ்க்ரூடிரைவரைக் கீழே வையுங்கள்

போன வாரம், புதிதாக வேலை கற்கும் தம்பி ஒருவர் த்ராட்டில் பாடியின் (எஞ்சினுக்குள் போகும் காற்றை ஒரு தகட்டால் திறந்து மூடும் பாகம்) மேல் குனிந்து நின்றார். ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, எஞ்சின் வேகம் ஏறி ஏறி இறங்கியது. அவர் கையில் ஸ்க்ரூடிரைவரைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. பல வருடங்களுக்கு முன் நான் செய்த அதே வேலையைத் தொடங்க இருந்தார். ஏர் ஃபில்டரைப் பாருங்கள், பிளக்கைப் பாருங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தவர்களே சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

த்ராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருகுவது

கார்புரேட்டரில் ஐட்லிங் குறைந்தால் ஸ்க்ரூவைத் திருகுவதுதான் வைத்தியம். இன்ஜெக்ஷன் எஞ்சினில் கேபிள் வைத்த த்ராட்டிலிலும் அதே மாதிரி ஒரு ஸ்க்ரூ தெரியும். ஆனால் அது ஐட்லிங்குக்காக வைத்தது இல்லை. தகடு துளைக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளாமல் இருக்க, தொழிற்சாலையிலேயே அளந்து வைத்த நிறுத்தம் அது. ஐட்லிங் காற்றைக் கூட்டுவதும் குறைப்பதும் ஐஏசி வால்வின் வேலை. கேபிள் இல்லாத கார்களில் த்ராட்டில் மோட்டாரே அதைச் செய்கிறது.

என் முதல் காரில் ஐட்லிங் நிமிடத்துக்கு 600 சுற்றுக்கும் (ஆர்பிஎம்) 1,100-க்கும் நடுவே ஆடியது. எஞ்சின் பாதிச் சூட்டில் இருக்கும்போதே ஸ்க்ரூவை அரைச் சுற்று திருகினேன். ஆட்டம் நின்றது, சரியாகிவிட்டது என்று நம்பினேன். முழுச் சூடு ஏறியதும் முள் 1,800-க்குப் போய், சட்டென்று விழுந்து, மறுபடி ஏறியது. முன்பைவிட மோசம்.

காரணம் இதுதான். த்ராட்டில் மூடியிருக்கிறது என்கிறது சென்சார், ஆர்பிஎம்மோ அதிகம். வண்டி கியரில் இருக்க, ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டார் என்று ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) எடுத்துக்கொண்டு பெட்ரோலை நிறுத்துகிறது. ஆர்பிஎம் விழுகிறது. எஞ்சின் அணைந்துவிடாமல் இருக்க மறுபடி பெட்ரோலை விடுகிறது. உள்ளே காற்றுதான் அதிகமாக இருக்கிறதே, திரும்ப ஏறுகிறது.

அப்புறம் ஐஏசி வால்வை மாற்றினேன். த்ராட்டில் பொசிஷன் சென்சாரை மாற்றினேன். எதுவும் உதவவில்லை. கடைசியில் பார்த்தால் பிசிவி குழாய் (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்பி அனுப்பும் ரப்பர் குழாய்) வளையும் இடத்தில், அடிப்பக்கம், ஒரு வெடிப்பு. கையால் வளைத்தால்தான் கண்ணுக்குத் தெரியும். குழாயை மாற்றியதும் பழைய ஆட்டம் போனது, நான் உண்டாக்கிய ஆட்டம் போகவில்லை. ஸ்க்ரூ முதலில் எங்கே இருந்தது என்று நான் குறித்து வைக்கவில்லை. கடைசியில் த்ராட்டில் பாடியையே மாற்ற வேண்டியதாயிற்று. ஒரு ரப்பர் குழாய்க்காக மூன்று நல்ல பாகங்கள் குப்பைக்குப் போனதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

பி0171 வந்தால் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றுவது

கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்பதைத்தான் அந்தக் கோளாறு எண் (கோடு) சொல்கிறது. பெரும்பாலும் சென்சார் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும். முதலில் ஸ்கேனரில் ஃப்யூயல் ட்ரிமை (கலவையைச் சரிசெய்ய ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவை) பாருங்கள். ஐட்லிங்கில் கூட்டல் 20 சதவீதம் காட்டி, 2,500 ஆர்பிஎம்மில் பூஜ்யத்தை நெருங்கினால் காற்றுக் கசிவைத் தேடுங்கள். இன்டேக் கேஸ்கெட், பிசிவி குழாய், பிரேக் பூஸ்டர் (இன்டேக் வெற்றிடத்தைக் கொண்டு பிரேக் மிதிக்க உதவும் பாகம்) குழாய் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். மாறாக, லோடு ஏற ஏற ட்ரிம் கூடினால் அழுக்கான எம்ஏஎஃப் சென்சாரோ (உள்ளே வரும் காற்றின் அளவை அளப்பது), குறைந்த ஃப்யூயல் பிரஷரோ காரணமாக இருக்கலாம்.

ஒன்றை மறக்காதீர்கள். எம்ஏஎஃப் இல்லாமல் எம்ஏபி சென்சார் (இன்டேக்குக்குள் காற்றழுத்தத்தை அளப்பது) மட்டும் உள்ள எஞ்சினில், கசிந்து வரும் காற்றையும் சேர்த்தே ஈசியூ கணக்கிடும். அங்கே ட்ரிம் பெரிதாக நகராமல், ஐட்லிங் மட்டும் உயர்ந்து நிற்கலாம்.

பேட்டரியைக் கழற்றிப் பார்ப்பது

முதலில் படியுங்கள், பிறகு அழியுங்கள். கோடு, ட்ரிம், ஃப்ரீஸ் ஃப்ரேம் (கோளாறு பதிவான நேரத்து எஞ்சின் அளவுகள்) எல்லாம் அதோடு போய்விடும்.

சூடான எஞ்சினில் கார்ப் கிளீனர் அடித்துக் கசிவு தேடுவது

தீப்பிடிக்கும். இன்டேக்குக்குள் புகையை விட்டுக் கசிவைக் காட்டும் ஸ்மோக் மெஷின் வையுங்கள்.

த்ராட்டிலைக் கழுவியதும் பயந்துவிடுவது

கரி அடைத்திருந்தபோது ஈசியூ தகட்டை அதற்கேற்பக் கூடுதலாகத் திறந்து பழகியிருக்கும். கரி போனதும் காற்று தாராளமாக வந்து ஐட்லிங் ஏறும். அந்த மாடலுக்குரிய ஐட்லிங் ரீலேர்ன் முறையை (ஈசியூ ஐட்லிங்கை மறுபடி கற்றுக்கொள்ளச் செய்வது) செய்யுங்கள். அதற்குள் புதிய கோளாறு என்று நினைத்து எதையும் கழற்ற வேண்டாம். எலக்ட்ரானிக் த்ராட்டிலில் இக்னிஷன் ஆனில் இருக்கும்போது விரலை உள்ளே விடவே கூடாது. மோட்டார் திடீரென்று தகட்டை மூடினால் விரல் நசுங்கும்.

நடுக்கத்தையும் ஆட்டத்தையும் ஒன்றாக நினைப்பது

முள் 750-இல் அசையாமல் நிற்க, சீட் மட்டும் அதிர்ந்தால் எஞ்சினைத் தாங்கும் மவுன்டைப் பாருங்கள்.

அந்தத் தம்பியின் காரில் பிரேக் பெடலை நாலைந்து முறை மிதிக்கச் சொன்னேன். ஒவ்வொரு மிதிக்கும் ஐட்லிங் மாறியது. பிரேக் பூஸ்டர் குழாயைக் கழற்றிப் பார்த்தோம், கிளாம்ப் பக்கத்தில் ரப்பர் கிழிந்திருந்தது.