போல்ட்டைத் தொடுவது எதுவோ, அதில் பணம் போடுங்கள்

108 உருப்படி, 216 உருப்படி என்று எண்ணைப் பெரிதாகப் போட்ட டூல் பெட்டியைப் பார்த்ததும் யாருக்கும் ஆசை வரும். வாங்குவதற்கு முன் அட்டையைத் திருப்பி, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று ஒருமுறை படித்துப் பாருங்கள். பெரும்பாலும் பாதிக்கு மேல் விரல் நுனி அளவு பிட்டுகளாகத்தான் (கைப்பிடியில் மாட்டும் ஸ்க்ரூ டிரைவர் நுனிகள்) இருக்கும். வீட்டில் பைக்கையும் காரையும் நானே பிரித்து மாட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அதில் முக்கால்வாசி பெட்டியை விட்டு வெளியே வரவே வராது.

என்னிடம் ஒரே கணக்குதான். போல்ட்டின் தலையை நேராகத் தொடும் கருவியில் கஞ்சத்தனம் கூடாது, தொடாததில் தாராளமாக மிச்சம் பிடிக்கலாம். சாக்கெட் (போல்ட் தலைமேல் கவிழ்த்து மாட்டும் குழல்), ரிங் ஸ்பானர், அலன் கீ (தலையில் ஆறு பக்கக் குழி உள்ள போல்ட்டுக்கான வளைந்த கம்பி), ஸ்க்ரூ டிரைவரின் நுனி எல்லாம் முதல் வகை. சுத்தியல், நெம்புகம்பி, காந்தத் தட்டு, டூல் பை எல்லாம் இரண்டாம் வகை, கிடைத்ததை வாங்குங்கள். மட்டமான ஸ்பானரின் வாய் விரிந்தால் ஸ்பானர் போனதோடு முடியாது. போல்ட் தலையின் ஆறு மூலையும் மழுங்கிவிடும். அப்புறம் வைஸ் கிரிப் (கவ்வியபடியே பூட்டிக்கொள்ளும் பிளையர்), உளி, கடைசியில் வெல்டிங் என்று அந்த ஒரு போல்ட்டுக்கே ஒரு நாள் போய்விடும்.

சாக்கெட் வாங்கும்போது முதலில் உள்ளே எட்டிப் பாருங்கள். ஆறு பட்டையா, பன்னிரண்டு பட்டையா? வீட்டு வேலைக்கு ஆறு பட்டைதான். அது தலையின் பக்கங்களை அழுத்திப் பிடிக்கும். பன்னிரண்டு பட்டை மூலைக்குப் பக்கத்தில்தான் பிடிக்கும், துருப்பிடித்த போல்ட்டில் அது வழுக்கிவிடும். இடுக்கில் மாட்டும்போது வசதி என்பது உண்மைதான், ஆனால் அந்த வசதிக்கு ரிங் ஸ்பானர் இருக்கிறது.

அடுத்து, சாக்கெட்டின் வாய். உள்விளிம்பை அதிகமாகச் சரிவாகச் சீவியிருந்தால், மெல்லிய தலை உள்ள போல்ட்டில் பிடிப்பதற்கு இடமே மிஞ்சாது. சுற்றுச்சுவர் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருந்தால் துளை மையத்தில் இல்லை என்று அர்த்தம். நான் டூல் வாங்கப் போகும்போது 10 தலை (எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே 10 மி.மீ.) உள்ள புது போல்ட் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போவேன். மாட்டி இடமும் வலமும் ஆட்டிப் பார்ப்பேன். கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தான் செய்யும், அதுகூட இல்லாவிட்டால் உள்ளேயே போகாது. லொடலொடவென்று ஆடினால் அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

குரோம் வனேடியம் என்று பொறித்திருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது இரும்பில் என்ன கலந்தார்கள் என்பதைத்தான் சொல்லும். எப்படிச் சூடாக்கிக் குளிரவைத்துப் பதப்படுத்தினார்கள் என்பதைச் சொல்லாது, உறுதி வருவது பாதி அதில்தான். முலாம் ஒரே சீராக இருக்கிறதா, விளிம்பில் பொரிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். உரிந்த குரோம் பிளேடு மாதிரி விரலைக் கிழிக்கும்.

எந்த அளவுகள் வாங்குவது? உங்கள் வண்டி முன்னால் உட்கார்ந்து ஒரு பட்டியல் போடுங்கள். ஜப்பானிய வடிவமைப்பு வண்டிகளில் 8, 10, 12, 14, 17 அடிக்கடி வரும். ஐரோப்பிய வண்டிகளில் 12-க்குப் பதிலாக 13, கூடவே 16, 18. 8 மி.மீ. மரை உள்ள ஒரே போல்ட்டுக்கு ஜப்பானிய வண்டியில் 12 தலை, ஐரோப்பிய வண்டியில் 13 தலை. பட்டியலில் இருப்பதை மட்டும் நல்ல தரத்தில் வாங்குங்கள், 10-ஐ மட்டும் இரண்டாக. அது தொலைவதற்கென்றே பிறந்தது. மெட்ரிக் வண்டிக்கு இன்ச் செட் வேண்டவே வேண்டாம். அரை இன்ச் என்பது 12.7 மி.மீ. அதை 12 தலையில் மாட்டித் திருகினால் மூலைகளுக்கு அதோடு முடிந்தது கதை.

அடுத்து ராட்செட், அதாவது சாக்கெட்டை மாட்டி ஒரு பக்கமாகத் திருகும் பல் வைத்த கைப்பிடி. அதில் முதலில் 3/8 இன்ச் (சாக்கெட் மாட்டும் சதுர முனையின் அளவு, போல்ட்டின் அளவு அல்ல) வாங்குங்கள், பைக்குக்கும் காரின் பெரும்பாலான வேலைகளுக்கும் அது போதும். வீல் நட்டுக்கு மட்டும் அரை இன்ச் வேண்டும். 72 பல் உள்ளது 5 டிகிரி நகர்ந்தாலே அடுத்த பல்லைப் பிடிக்கும், 24 பல்லுக்கு 15 டிகிரி நகர இடம் வேண்டும். ஆனால் பல் எண்ணிக்கையைவிட நான் பார்ப்பது வேறு. சாக்கெட்டை இரண்டு விரலால் லேசாகப் பிடித்துக்கொண்டு கைப்பிடியைப் பின்னால் திருப்புங்கள். சாக்கெட்டும் சேர்ந்து சுற்றினால் அது இறுக்கமான ராட்செட். பாதி கழன்ற நட்டு அதோடு முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருக்கும், வேலை நடக்காது. இறுகிப்போன போல்ட்டுக்காக ராட்செட்டில் குழாயைச் செருகி நெம்பாதீர்கள், உள்ளே பல் உடையும். அதற்குப் பல்லே இல்லாத நீளக் கைப்பிடியான பிரேக்கர் பார் தனியாகக் கிடைக்கிறது. மலிவானதும்கூட.

ஸ்க்ரூ டிரைவரில் ஒரு நுணுக்கம். ஜப்பானிய பைக்கில் சில ஸ்டார் ஸ்க்ரூக்களின் (கூட்டல் குறி போன்ற காடி உள்ளவை) தலையில் சின்னதாக ஒரு புள்ளி இருக்கும். அது ஜே.ஐ.எஸ். வகை, அதாவது ஜப்பானியத் தர அளவு. சாதாரண பிலிப்ஸ் டிரைவர் அதில் முழுசாக உட்காராது, அழுத்தித் திருகும்போது மேலே ஏறிக் காடியைத் தின்றுவிடும். ஜே.ஐ.எஸ். நுனியில் ஒன்று வாங்கி வைத்தால் பிழைத்தீர்கள்.

பிளையரை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், வெட்டும் விளிம்பில் ஒளி தெரிந்தால் மெல்லிய கம்பி வெட்டாது.

பழைய டூல்களை வெறுக்க வேண்டாம். மேலே துரு இருந்தால் தேய்த்தால் போகும். வாய் விரிந்திருக்கிறதா, விரிசல் உண்டா, யாராவது கிரைண்டரில் ராவியிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

என் கணக்குக்கு வெளியே நிற்பவை இரண்டு. ஒன்று ஜாக் ஸ்டாண்ட், தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் கால். ஜாக் வண்டியைத் தூக்கத்தான், தாங்க அல்ல. கீழே படுக்கப்போவது நீங்கள் என்பதால் இதில் பேரமே கூடாது. இன்னொன்று டார்க் ரெஞ்ச், குறித்த அளவு விசையில் இறுக்க உதவும் கைப்பிடி. அலுமினிய ஹெட்டில் ஸ்பார்க் பிளக், ஆயில் டிரெயின் போல்ட் என்று மரை அரியக்கூடிய இடங்களில் நீங்களே கை வைக்கத் தொடங்கும்போது வாங்கினால் போதும். கிளிக் சத்தம் போடும் வகை என்றால், வேலை முடிந்ததும் அளவை ஆகக் குறைந்த எண்ணுக்குத் திருப்பி வையுங்கள், இல்லாவிட்டால் ஸ்பிரிங் தளர்ந்து அளவு மாறும். அதை வைத்து போல்ட்டைக் கழற்றாதீர்கள், பிரேக்கர் பார் எதற்கு இருக்கிறது?