30 வோல்ட், 3 ஆம்பியர்: மலிவான பவர் சப்ளை கிட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எலெக்ட்ரானிக்ஸ் பழகுபவர்கள் பலர் முதலில் வாங்குவது, 0 முதல் 30 வோல்ட் வரை திருகி வைத்துக்கொள்ளக்கூடிய 3 ஆம்பியர் பவர் சப்ளை கிட். வோல்ட்டேஜையும் கரண்டையும் கட்டுப்படுத்தும் மூன்று டிஎல்081 ஐசி, ஒரு பவர் டிரான்சிஸ்டர், நான்கு டையோடுகள், ஒரு பெரிய கெப்பாசிட்டர் என எல்லாம் ஒரே பையில் வந்துவிடும். அடிப்படை வடிவமைப்பு நல்லதுதான். கரண்டைச் சில மில்லி ஆம்பியர் அளவுக்குக்கூடக் கட்டுப்படுத்தும் வசதி இந்த விலையில் எளிதில் அமையாது. ஆனால் இதைக் கட்டுபவர்கள் படும் பாட்டில் பெரும்பகுதி ஒரே இடத்தில் தொடங்குகிறது: 30, 3 என்ற அந்த இரண்டு எண்களையும் சேர்த்து நம்பிவிடுவது.

கணக்கைப் பார்ப்போம். கிட்டுக்குப் பரிந்துரைக்கப்படுவது 24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர். ஏசியின் உச்சம் அதைப் போல் 1.41 மடங்கு, அதாவது சுமார் 34 வோல்ட். ஏசியை டிசியாக்கும் அந்த நான்கு டையோடுகளில் (பிரிட்ஜ்) 2 வோல்ட் போய்விடும். 3,300 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரிலிருந்து 3 ஆம்பியர் இழுத்தால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒவ்வோர் அரைச் சுற்றிலும் அது ஏறத்தாழ 9 வோல்ட் இறங்கும். டிரான்சிஸ்டர்களும் கரண்டை அளக்கும் ரெசிஸ்டரும் எடுத்துக்கொள்வதைக் கழித்தால், சுத்தமான டிசியாக மிஞ்சுவது 20 வோல்ட்டை ஒட்டித்தான். 30 வோல்ட் கிடைக்கும், 3 ஆம்பியரும் கிடைக்கும். இரண்டும் ஒருசேரக் கிடைக்காது.

இதைச் சரிசெய்வதாக நினைத்து 28 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரை மாட்டுவதுதான் ஆகப் பெரிய தவறு. டிஎல்081 ஐசியின் இரு சப்ளை கால்களுக்கு இடையே 36 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. இந்தச் சர்க்யூட்டில் இரண்டு ஐசிகளுக்கு மேலே 34 வோல்ட், கீழே மைனஸ் 5 வோல்ட் சொச்சம். ஆக, 24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரிலேயே 39 வோல்ட் ஆகிவிடுகிறது. லோடு இல்லாதபோது டிரான்ஸ்ஃபார்மர் இன்னும் கூடுதலாகவே தரும். உடனே புகையாமல் சில மாதம் ஓடி, ஒரு நாள் முழு வோல்ட்டேஜையும் வெளியே தள்ளிவிடும். அப்போது அதில் இணைத்திருந்த போர்டும் சேர்ந்து போகும். 44 வோல்ட் வரை தாங்கும் டிஎல்இ2141 ஐசிகளைப் போடலாம். என்னைக் கேட்டால், 20 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரைப் போட்டு, 18 வோல்ட், 1.5 ஆம்பியரோடு நிறுத்திக்கொள்வதையே சொல்வேன். மேசை வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு அது போதும்.

டிரான்ஸ்ஃபார்மரின் ஆம்பியரிலும் ஏமாற்றம் உண்டு. பிரிட்ஜும் கெப்பாசிட்டரும் உள்ள இடத்தில் 3 ஆம்பியர் டிசி எடுக்க, டிரான்ஸ்ஃபார்மர் ஏறத்தாழ 5 ஆம்பியர் தாங்க வேண்டும். 3 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தொடர்ந்து எடுக்கத் தகுந்தது 1.8 ஆம்பியர் அளவே.

அடுத்தது சூடு. வெளியே ஷார்ட் ஆகி 3 ஆம்பியர் ஓடும்போது, உள்ளே வரும் 30 சொச்சம் வோல்ட்டும் பவர் டிரான்சிஸ்டர் மேல்தான் விழும். 90 வாட் ஆகிறது. பவர் டிரான்சிஸ்டரான 2என்3055, 115 வாட் தாங்கும் என்று போட்டிருப்பது, அதன் உடல் 25 டிகிரியில் இருந்தால் மட்டுமே. உடல் 100 டிகிரியைத் தொட்டால் தாங்குவது 66 வாட்தான். முழு 3 ஆம்பியர் வேண்டுமென்றால் இரண்டு டிரான்சிஸ்டர்களை இணையாகப் போட்டு, ஒவ்வொன்றின் எமிட்டரிலும் 0.1 முதல் 0.33 ஓம் வரை ஒரு ரெசிஸ்டர் வைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் முதலில் சூடாகும் டிரான்சிஸ்டரே மேலும் மேலும் கரண்டை இழுத்துக்கொள்ளும். டிரான்சிஸ்டரின் உடல் அதன் கலெக்டர் முனையோடு இணைந்தது என்பதால், மின்சாரம் கடத்தாத மைக்கா தகடு இல்லாமல் அதை ஹீட் சிங்க்கில் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) முடுக்கக் கூடாது. கரண்டை அளக்கும் 0.47 ஓம் ரெசிஸ்டரும் முழுக் கரண்டில் 4 வாட்டுக்கு மேல் சூடாகும். போர்டிலிருந்து சற்று உயர்த்திச் சால்டர் செய்யுங்கள்.

டிஜிட்டல் மீட்டர் மாட்டும்போது பலர் அதற்கான சப்ளையைப் பெரிய கெப்பாசிட்டரிலிருந்தே எடுத்துவிடுகிறார்கள். சிறிய மீட்டர்களில் பல 30 வோல்ட் வரை மட்டுமே தாங்கும்; 34 வோல்ட்டில் கருகிவிடும். அதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. மீட்டருக்குச் சப்ளை தரும் மெல்லிய கறுப்பு ஒயரும் கரண்டை அளக்கும் தடித்த கறுப்பு ஒயரும் பெரும்பாலும் உள்ளுக்குள் இணைந்தே இருக்கும். அதனால் கரண்ட், அளக்கும் ரெசிஸ்டரைச் சுற்றிக்கொண்டு ஓட வேறு வழி கிடைத்துவிடுகிறது. மீட்டர் தப்பாகக் காட்டும், கரண்ட் கட்டுப்பாடும் தளர்ந்துபோகும். மீட்டருக்குத் தனியாக ஒரு சின்னச் சப்ளை கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

இரைச்சல் குறையட்டும் என்று வெளி முனைகளில் 1,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரைச் சேர்ப்பதும் கேடுதான். கரண்டை 20 மில்லி ஆம்பியருக்குக் குறைத்து வைத்துவிட்டு ஒரு எல்இடியை இணைத்துப் பாருங்கள். கட்டுப்பாடு விழித்துக்கொள்வதற்கு முன்பே கெப்பாசிட்டரில் சேர்ந்திருந்த மின்சாரம் முழுதும் எல்இடிக்குள் பாய்ந்து அதைக் கொன்றுவிடும். சர்க்யூட்டில் ஏற்கெனவே உள்ள 10 மைக்ரோஃபாரட்டே போதும்.

மின் இணைப்புப் பக்கம் விட்டுக்கொடுக்கவே கூடாது: லைன் ஒயரில் ஃபியூஸ், உலோகப் பெட்டிக்கு எர்த், 230 வோல்ட் ஓடும் முனைகள் அனைத்துக்கும் உறை. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும் என்பதால், அதன் குறுக்கே ஒரு 2.2 கிலோ ஓம், 1 வாட் ரெசிஸ்டரைப் போட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும் சால்டர் செய்து முடித்ததும் ஐசிகளைச் செருகி ஒரேயடியாக ஸ்விட்சைப் போட வேண்டாம். ஐசிகளுக்குச் சாக்கெட் வைத்து, அவை காலியாக இருக்கும்போதே மின்சாரம் கொடுத்து, ஒவ்வொரு சாக்கெட்டிலும் 7ஆம் காலுக்கும் 4ஆம் காலுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். டிஎல்081 போடுவதாக இருந்தால் அங்கே 36 வோல்ட்டுக்குக் கீழே காட்ட வேண்டும். காட்டினால், மின்சாரத்தை நிறுத்தி, கெப்பாசிட்டர் காலியாகும் வரை பொறுத்து ஐசிகளைச் செருகலாம். முதல் லோடாக 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இணைத்து, அரை மணி நேரம் ஓடவிட்டு ஹீட் சிங்க்கின் சூட்டைப் பார்த்த பின்னரே உங்கள் போர்டை இணையுங்கள்.